ஒரே வரியில் ஒரு சர்வர்!

சர்வர் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டலில் மேஜையைத் துடைத்துவிட்டு, "என்ன வேணும் சார்?" என்று கேட்டு, இட்லி, வடை, பூரி, பொங்கல் என்று ஒரே மூச்சில் ஒப்பித்து, கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிறாரே, அவர்தான் சர்வர். 1964-ல் நாகேஷ் நடித்து 'சர்வர் சுந்தரம்' வெளிவந்த பிறகு அந்தப் பெயருக்கு ஒரு தனி மவுசே ஏற்பட்டுவிட்டது.

இந்தக் காலத்தில் அதே சொல் வேறு இடங்களிலும் காதில் விழுகிறது. பாங்கிக்குப் போனால், "சர்வர் வேலை செய்யவில்லை, மத்தியானமாக வாருங்கள்" என்கிறார்கள். ரேஷன் கடையிலும் சில நாள் அதே பேச்சு. கேட்பவரின் மனக்கண்ணில் எங்கோ ஒரு பெரிய மாளிகை, அதற்குள் எலும்பை நடுக்கும் குளிர், வரிசை வரிசையாக அலமாரிகள், மினுக் மினுக்கென்று எரியும் விளக்குகள் என்று ஒரு காட்சி தோன்றும். அப்படிப்பட்ட மாளிகைகள் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் மாளிகைக்குப் பெயர் சர்வர் அல்ல. சர்வர் என்பது ஒரு புரோகிராம். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். யாராவது "இந்தப் பக்கத்தைக் கொடு" என்றால் எடுத்துக் கொடுக்கும். சரக்கு இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லிவிடும். அதன் உத்தியோகம் அவ்வளவே. ஓட்டல் சர்வர் செய்வதும் அதுதானே?

இந்தச் சின்ன வேலைக்கு மாளிகை எதற்கு? வீட்டு மேஜை மேலிருக்கும் பழைய லாப்டாப் போதும். அதில் ஒரே ஒரு வரி டைப் அடித்தால் அந்த நிமிஷமே அது சர்வராகிவிடும். காசு செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இது தெரியாமல் நம்மில் அநேகர், அடுத்த அறையில் இருக்கும் மகளின் செல்போனுக்கு ஒரு கல்யாணப் படத்தை அனுப்ப, அதை ஏதோ ஒரு கம்பெனியின் மாளிகை வரைக்கும் அனுப்பிவைத்து, அங்கிருந்து மறுபடி வீட்டுக்கு வரவழைத்துக் கொள்கிறோம். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பது இதுதான்.

ஜினீவாவில் ஒட்டிய சீட்டு

வலையுலகத்தின் முதல் சர்வர் எங்கே இருந்தது தெரியுமா? ஸ்விட்ஜர்லாந்து நாட்டில், ஜினீவா நகரத்துக்குப் பக்கத்தில், 'செர்ன்' என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் அங்கே வேலை பார்த்து வந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரகக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விதமாகக் குறிப்பு எழுதி வைத்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. இதற்கு ஒரு வழி சொல்லி 1989 மார்ச்சில் அவர் மேலதிகாரியிடம் ஒரு திட்டம் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் சர்வரும் முதல் பிரௌசரும் அவருடைய 'நெக்ஸ்ட்' கம்ப்யூட்டரில் ஓட ஆரம்பித்துவிட்டன.

அந்தக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "இந்த யந்திரம் ஒரு சர்வர். இதை நிறுத்தி விடாதீர்கள்!!" என்று சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு. காரணம் வெளிப்படை. ராத்திரி காரியாலயத்தைப் பூட்ட வந்தவர் யாராவது சிக்கனத்தை உத்தேசித்து ஸ்விச்சைத் தட்டிவிட்டால், உலகத்தில் அன்றைக்கு இருந்த வலை முழுவதும் அணைந்துவிடும்! முதல் சர்வர் ஒரு மனிதரின் மேஜை மேலிருந்த சாதாரணக் கம்ப்யூட்டர்தான் என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடுகிறது.

கேட்கும் பாஷையும் அப்போது அதிசயப்படத்தக்க விதத்தில் எளிதாக இருந்தது. 'கெட்', அதாவது 'கொடு' என்று ஒரு சொல். அதையடுத்து வேண்டிய பக்கத்தின் பெயர். கேள்வி இந்த ஒரு வரிதான். சர்வர் பக்கத்தைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துக் கொள்ளும். இந்தப் பேச்சு முறைக்குத்தான் எச்.டி.டி.பி. என்று பெயர். இப்போது அதில் எத்தனையோ சேர்ந்துவிட்டாலும் அந்த 'கெட்' மட்டும் மாறவில்லை.

பெர்னர்ஸ்-லீ செய்த பிரௌசரில் இன்னொரு விசேஷமும் உண்டு. அதில் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். படிக்கிறவரே எழுதுகிறவராகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1991 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சர்வர் ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே அதுதான் முதல். 1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் நிலையம் அந்த சாப்ட்வேரை உலகத்தாருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டது. பிறகு நடந்தது வேறு. எழுதுகிற உரிமை கைக்கு வந்தது. எழுதியதை வைத்துக்கொள்ளும் இடத்தை மட்டும் நாம் பெரிய கம்பெனிகளிடம் விட்டுவிட்டோம். அது ஒன்றும் கட்டாயத்தினால் நேர்ந்ததல்ல. சௌகரியம் கருதி விட்டதுதான்.

அந்த மந்திர வரி

பைத்தான் என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷை. ஹாலந்துக்காரரான கீடோ வான் ரோஸம் செய்து 1991-ல் வெளியிட்டது. மலைப்பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'மாண்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் ஹாஸ்யக் கோஷ்டியின் பெயரை அவர் தம் பாஷைக்குச் சூட்டிவிட்டார். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இது அநேகமாக முன்கூட்டியே இருக்கும். மற்றவர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இனி, கட்டளை ஜன்னலைத் திறக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மினுக்கும் ஜன்னல் அது. அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. எழுதினால்தான் வேலை நடக்கும். சினிமாவில் கம்ப்யூட்டர் திருடர்கள் இதைத்தான் படபடவென்று தட்டுவார்கள். பயந்துவிட வேண்டாம். பொத்தானைத் தேடி அலைவதைவிட வாயால் சொல்லி வேலை வாங்குவது சுலபம் என்று இதில் பழகியவர்கள் சொல்வார்கள்.

முதலில் 'சி.டி.' என்ற இரண்டு எழுத்துக்களையும், அடுத்து போல்டரின் பெயரையும் எழுதினால் அந்த போல்டருக்குள் போய்விடலாம். பிறகு நம்முடைய வரி: 'பைத்தான்3' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் 'எம்' என்ற எழுத்தும் சேர்த்துப் போட்டு, மறுபடி ஓர் இடைவெளி விட்டு, 'எச்டிடிபி' என்றும் ஒரு புள்ளியும் 'சர்வர்' என்றும் இடைவெளி இல்லாமல் எழுதி, என்டர் கட்டையைத் தட்ட வேண்டும். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். விண்டோஸில் 'பைத்தான்3' என்பதற்குப் பதிலாக 'பி', 'ஒய்' என்ற இரண்டு எழுத்துக்கள் போதும். உடனே, "8000-ஆம் வாசலில் பரிமாறுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி பதிலாக வரும். சர்வர் தயார்!

அது என்ன 8000? ஒரு கம்ப்யூட்டருக்கு 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் உண்டு. 'போர்ட்' என்பார்கள். வலைப் பக்கங்களுக்கு வழக்கமான வாசல் 80. ஆனால் யூனிக்ஸ் சம்பிரதாயத்தில் 1024-க்குக் கீழே உள்ள வாசல்களைத் திறக்கக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரம் படைத்தவருக்கே உரிமை. சாதாரண ஆசாமிக்கு ஒதுங்கலாக 8000. அது பிடிக்கவில்லையானால் வரியின் கடைசியில் வேறு எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

அதே கம்ப்யூட்டரின் பிரௌசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றும், முக்காற்புள்ளியும், 8000 என்றும் எழுதினால், போல்டரில் உள்ள பைல்கள் எல்லாம் பட்டியலாகத் தெரியும். தொட்டால் திறக்கும். வீட்டு வை-பையில் இணைந்திருக்கும் செல்போனிலிருந்தும் பார்க்கலாம். லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதில் கம்ப்யூட்டரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். 192.168 என்று ஆரம்பிக்கிறதே, அந்த மாதிரி எண். இன்டர்நெட் இணைப்பே இல்லாவிட்டாலும் இது நடக்கும். கல்யாணப் படம் மாளிகைக்குப் போகாமலே மகளின் கைக்கு வந்துவிடும்.

இதற்கிடையில் கறுப்பு ஜன்னலைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒவ்வொருவர் கேட்கும்போதும் ஒரு வரி பதிவாகிறது: எந்த எண்ணிலிருந்து கேட்டார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், கிடைத்ததா இல்லையா. 200 என்றால் கொடுத்தாகிவிட்டது. 404 என்றால் இல்லை. முதல் தடவை பார்ப்பவர்கள் தாங்கள் கேட்காத ஏதோ ஒன்றுக்கு 404 விழுந்திருப்பதைக் கண்டு திகைப்பார்கள். பிரௌசர் தானாகவே தளத்தின் சின்னப் படம் ஒன்றைத் தேடிக் கேட்டிருக்கும், அதுதான் விஷயம். குற்றம் யாருடையதும் அல்ல.

வலைப் பக்கம் எழுதக் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு இந்த ஒற்றை வரி அன்றாடச் சோறு. எழுதிய பக்கத்தை நேரே இரண்டு தட்டுத் தட்டித் திறந்தாலும் பிரௌசர் காட்டும். ஆனால் பக்கம் இன்னொரு பைலிலிருந்து விவரம் எடுக்க முயன்றால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்துவிடும். சர்வர் வழியாக வந்தால் மறுப்பதில்லை. பழைய புத்தகங்களைப் பார்த்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைத்தானின் இரண்டாம் பதிப்பில் இந்தக் கட்டளைக்கு 'சிம்பிள்எச்டிடிபிசர்வர்' என்று நீளமான பெயர். அந்தப் பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ந் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. பழைய வரியைப் புதிய பதிப்பில் டைப் அடித்தால் திட்டுத்தான் கிடைக்கும்.

வாசலைத் திறந்தால் வீடு முழுவதும்

இவ்வளவு சுலபமான காரியத்தில் அபாயம் இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது.

இந்த சர்வர் ஒரு வெள்ளை மனசுக்காரன். எந்த போல்டரில் நிற்கும்போது கூப்பிட்டீர்களோ, அந்த போல்டரும் அதற்குள் இருக்கும் போல்டர்களும் அத்தனையும் தானம் செய்யத்தக்கவை என்று எடுத்துக்கொள்ளும். கடவுச் சொல் கேட்காது. வந்தவர் யார் என்று பார்க்காது. கட்டளை ஜன்னலைத் திறந்தவுடன் நாம் இருப்பது வழக்கமாக நம்முடைய சொந்த போல்டரில். அவசரத்தில் 'சி.டி.' போடாமல் அங்கேயே சர்வரை ஓடவிட்டால், கல்யாணப் படத்தோடு வருமான வரிக் கணக்கும், மருத்துவப் பரிசோதனைச் சீட்டும், பிள்ளையின் பரீட்சை ஹால் டிக்கெட்டும் பந்திக்கு வந்துவிடும்.

அதைவிட மோசமானது ஒன்றுண்டு. லினக்ஸ், மாக் கம்ப்யூட்டர்களில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த பைல்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் அந்தரங்கங்கள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். தொலைவில் உள்ள வேறு கம்ப்யூட்டர்களுக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவியைக்கூட 'எஸ்.எஸ்.எச்.' என்ற பெயருள்ள புள்ளி வைத்த போல்டரில்தான் வைப்பார்கள். நம் கண்ணுக்கு மறைந்திருக்கும் இவை பைத்தான் சர்வரின் கண்ணுக்கு மறைவதில்லை. பட்டியலில் முழுசாக எழுதிக் காட்டிவிடும். பூட்டின வீட்டின் சாவியைத் திண்ணையில் தட்டில் வைத்து நீட்டுவதற்குச் சமானம் இது.

யார் வந்து எடுக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். வீட்டில் என்றால் கவலை குறைவு. வெளியுலகத்திலிருந்து வருபவரை வை-பை பெட்டி சாதாரணமாக உள்ளே விடாது. ஆனால் ஹாஸ்டலிலும் காப்பிக் கடையிலும் காரியாலயத்திலும் ஒரே வை-பையில் இணைந்திருப்பவர்கள் எத்தனை பேர்! சர்வர் சொல்லும் பதிலில் '0.0.0.0' என்று ஓர் எண் வந்தால், அதற்கு "எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் கொடுப்பேன்" என்று அர்த்தம். விண்டோஸ் மட்டும் ஒரு தடவை "இதை அனுமதிக்கலாமா?" என்று கேட்கும். படிக்காமலே சம்மதம் சொல்லிவிடுவது மனித சுபாவம். தவிர, போகிற பைல் மறைமொழியில் போவதில்லை. திறந்த கார்டு மாதிரிதான் போகும்.

பைத்தானைப் பராமரிப்பவர்கள் இதை ஒளிக்கவில்லை. பொதுமக்களுக்கான உண்மையான தளம் நடத்த இது ஏற்றதல்ல, அடிப்படைப் பாதுகாப்பு மட்டுமே இதில் உண்டு என்று தங்கள் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். ஆறுதலுக்கு ஒன்று சொல்லலாம்: இது கொடுக்கத்தான் கொடுக்கும், வாங்காது. வெளியார் எதையும் நம் கம்ப்யூட்டரில் இதன் வழியாக எழுதி வைக்க முடியாது.

பரிகாரம் சுலபம். கொடுக்க நினைப்பதை மட்டும் ஒரு புது போல்டரில் போட்டு, அதற்குள் நின்று சர்வரை அழைக்க வேண்டும். சொந்தப் பரிசோதனைக்கு மட்டும் என்றால், வரியின் கடைசியில் இரண்டு சிறு கோடு போட்டு 'பைண்ட்' என்றும், இடைவெளி விட்டு 127.0.0.1 என்றும் சேர்த்தால், அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு யாருக்கும் வாசல் தெரியாது. வேலை முடிந்ததும் 'கண்ட்ரோல்' கட்டையையும் 'சி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சர்வர் வீட்டுக்குப் போய்விடும். ஜினீவாச் சீட்டுக்கு நேர் விரோதமாக, இந்த சர்வரை நிறுத்தாமல் விடுவதுதான் தப்பு.

ஒரு சர்வர், பத்தாயிரம் மேஜை

பைத்தான் சர்வர் நாலு பேருக்குப் பரிமாறலாம். ஊரே வந்தால்? பழைய பெரிய சர்வர்களில், முக்கியமாக 1995-ல் வந்த 'அபாச்சி'யில், ஒரு வாடிக்கைக்கு ஓர் ஆள் என்று கணக்கு. மேஜைக்கு ஒரு சர்வரை நிறுத்தி வைப்பது போல. வந்தவர் மெதுவாகச் சாப்பிட்டால் அந்த ஆள் சும்மா நிற்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் வந்துவிட்டால் நிற்கும் ஆட்களுக்கே இடம் போதாது. ஒரே கம்ப்யூட்டரால் ஒரே சமயத்தில் பத்தாயிரம் பேருக்குப் பரிமாற முடியாதா என்று டான் கெகல் என்ற அமெரிக்கர் 1999-ல் ஒரு கேள்வியை எழுதி வைத்தார். தொழில் தெரிந்தவர்கள் மத்தியில் அது பெரிய விவாதமாயிற்று.

விடை நம் ஓட்டல்களில் அன்றாடம் நடப்பதுதான். கெட்டிக்காரச் சர்வர் ஒருவரே பத்து மேஜையைப் பார்த்துக்கொள்வார். ஒரு மேஜையில் ஆர்டர் வாங்குவார். தோசை வெந்து வரும்வரை அங்கே நிற்க மாட்டார். அடுத்த மேஜைக்குத் தண்ணீர் வைப்பார். தோசை தயார் என்று குரல் வந்ததும் போய் எடுத்து வருவார். ஜெப் போஸ்கன்சர் எழுதிய 'டி.எச்.டி.டி.பி.டி.' என்ற சின்னஞ்சிறு சர்வர் இந்த வழியில்தான் வேலை செய்தது. ஜெர்மனியில் யான் க்னெஷ்கெ, கெகலின் கேள்விக்குப் பதிலாகவே 2003-ல் 'லைட்டி'யை எழுத ஆரம்பித்தார். லைட் என்ற சொல்லோடு 'டி.பி.டி.' என்று சேர்த்து எழுதுவார்கள். வாயில் நுழையாததால் கூப்பிடுவது லைட்டி. ருஷியாவில் ராம்ப்ளர் கம்பெனியில் இருந்த ஈகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்ட 'எஞ்சின்-எக்ஸ்' இன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய தளங்களில் பலவற்றைத் தாங்கி நிற்கிறது.

லைட்டியையும் கட்டளை ஜன்னலிலிருந்தே ஓட்டலாம். ஆனால் அதற்கு எந்த போல்டர், எந்த வாசல் என்று இரண்டு வரி எழுதிய குறிப்புப் பைல் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு வரி தொல்லையா என்றால், அல்ல. எதைக் கொடுப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியாக வேண்டும் அல்லவா? அந்த ஒரு நிமிஷ யோசனை, பைத்தான் வரியில் கிடைக்காத பாதுகாப்பு.

அட்டைக்குள் ஒரு நூல்நிலையம்

இப்படிப்பட்ட இலேசான சர்வர்கள் நாம் அறியாமலே நம் வீட்டில் குடியிருக்கின்றன. வை-பை பெட்டியின் கடவுச் சொல்லை மாற்ற 192.168 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பிரௌசரில் தட்டினால் ஒரு பக்கம் வருகிறதே, அதைக் கொடுப்பது யார்? அந்தக் கைப்பிடிப் பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டிச் சர்வர்.

எல்லாவற்றிலும் மனத்தைக் கவர்வது 'கிவிக்ஸ்' என்ற முயற்சிதான். 2007-ல் தொடங்கியது. விக்கிபீடியா முழுவதையும் ஒரே பைலாகச் சுருக்கிக் கட்டி, இன்டர்நெட் இல்லாத இடத்திலும் படிக்கும்படி செய்திருக்கிறார்கள். இன்டர்நெட் எட்டாத பள்ளிக்கூடங்களிலும், கப்பல்களிலும், சிறைச்சாலைகளிலும் அது உபயோகத்தில் இருக்கிறது. ஆங்கில விக்கிபீடியா படங்களோடு சுமார் 100 ஜிகாபைட். விரல் நகம் அளவு மெமரி கார்டில் அடங்கிவிடும். 2003-ல் ஆரம்பித்த தமிழ் விக்கிபீடியாவும் இந்த வடிவத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதைப் பரிமாறுவதற்கு 'கிவிக்ஸ்-சர்வ்' என்று ஒரு சர்வர் உண்டு. அதற்கும் ஒரே வரிதான்: சர்வரின் பெயர், வாசல் எண், பைலின் பெயர். 2012-ல் 35 டாலர் விலையில் வந்த 'ராஸ்பெரி பை' என்ற, சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர் அட்டையிலும் இது ஓடுகிறது. அந்த அட்டையே ஒரு வை-பையைப் பரப்பும்படி செய்துவிட்டால், வகுப்பில் உள்ள பிள்ளைகள் செல்போனையோ பழைய லாப்டாப்பையோ இணைத்துக்கொண்டு படிக்கலாம். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்கு ஒன்று இருந்தால் மின்சாரம் போன நேரத்திலும் நிற்காது. ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மணி அடித்ததும் வயரைப் பிடுங்கிவிடாமல், நிறுத்தும் கட்டளையை எழுதி, அட்டையின் பச்சை விளக்கு மினுக்குவது அடங்கிய பிறகு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டில் உள்ளது கெட்டுப்போய், மறுபடி முழுவதையும் ஏற்ற வேண்டி வரும்.